பைத்தானில் ஃபங்ஷன்களுக்கு இடையே வேரியபிளைப் பகிர்வது: குளோபலில் கை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பைத்தான் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பலருக்கும் வரும் கேள்வி இது. ஒரு ஃபங்ஷனுக்குள் ஒரு வேரியபிளில் மதிப்பு வைத்தேன், அடுத்த ஃபங்ஷனில் அதே பெயரை எழுதினால் நேம்எரர் (அந்தப் பெயர் தெரியாது என்ற பிழை) வந்து நிற்கிறது, என்ன செய்வது? பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் "குளோபல்னு ஒரு வரி மேல போடு, ஓடிடும்" என்பார். ஓடவும் செய்யும். ஆனால் நிரல் வளர வளர, எந்த ஃபங்ஷன் எந்த மதிப்பை எப்போது மாற்றியது என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். அதனால் குளோபலைப் பற்றி நடுவில்தான் சொல்லப்போகிறேன், அதற்கு முன்னால் இருக்கும் மூன்று படிகளை நன்றாகப் பிடித்துக்கொண்டால் குளோபல் தேவைப்படும் இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடும்.

ஒரு சின்னக் குறிப்பு. நிரல் வரிகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெஃப், ரிட்டர்ன், பிரிண்ட், கிளாஸ், செல்ஃப், அப்பெண்ட் மாதிரி பைத்தானுக்கே உரிய சொற்களைத் தட்டும்போது வழக்கம்போல் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். லிட்டர், தொகை, பதிவுகள் என்று நாமாக வைக்கும் பெயர்களை அப்படியே தமிழில் விட்டுவிடலாம், பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும்.

உதாரணத்துக்கு, வீடு வீடாகப் பால் ஊற்றுபவர் ஒருவரின் மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். லிட்டர் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஏன் தெரியவில்லை என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

```
டெஃப் அளவு_கேள்():
    லிட்டர் = 2

டெஃப் தொகை_காட்டு():
    பிரிண்ட்(லிட்டர் * 60)

அளவு_கேள்()
தொகை_காட்டு()
```

இதை ஓட்டினால் கடைசி வரியில் நேம்எரர் வரும். லிட்டர் என்ற பெயர் அளவு_கேள் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இருக்கும், அது முடிந்ததும் அந்தப் பெயரும் போய்விடும். மறுபடி கூப்பிட்டால் மறுபடி புதிதாகப் பிறக்கும், போன தடவை வைத்த மதிப்பு எதுவும் அதற்கு நினைவிருக்காது. இப்படி ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டும் வாழும் பெயரைத்தான் லோக்கல் வேரியபிள் என்கிறோம்.

இங்கே பலர் இன்னொன்றையும் முயன்று பார்ப்பார்கள். அளவு_கேள் முடிவதற்கு முன்பே, அதற்குள்ளிருந்தே தொகை_காட்டு ஃபங்ஷனைக் கூப்பிட்டால்? அப்போது லிட்டர் இன்னும் உயிரோடுதானே இருக்கிறது? இருக்கிறது, ஆனாலும் தெரியாது. ஒரு ஃபங்ஷன் எங்கிருந்து கூப்பிடப்பட்டது என்பதைப் பைத்தான் பார்ப்பதில்லை, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்கும். ஒரு பெயரைக் கண்டால் முதலில் அந்த ஃபங்ஷனுக்குள் தேடும், இல்லையென்றால் அந்த ஃபங்ஷனைச் சுற்றி வேறு ஃபங்ஷன் எழுதப்பட்டிருந்தால் அதில் தேடும், அப்புறம் அந்தக் கோப்பின் மேல்மட்டத்தில், கடைசியாகப் பைத்தானின் சொந்தப் பெயர்களில். இந்த நான்கிலும் இல்லையென்றால் நேம்எரர். இந்த வரிசை மட்டும் மனதில் நின்றுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு விஷயம், வேறு மொழிகளிலிருந்து வருபவர்களுக்கு. இஃப், ஃபார், வைல் ஆகியவை பைத்தானில் தனி எல்லை போடுவதில்லை. ஃபார் சுழற்சிக்குள் வைத்த பெயர், சுழற்சி முடிந்த பிறகும் அதே ஃபங்ஷனில் கிடைக்கும்.

படி 2: கொடுத்து வாங்குங்கள்

பத்தில் எட்டு இடத்துக்கு இந்தப் படியே போதும். ஒரு ஃபங்ஷனுக்கு என்ன வேண்டுமோ அதை ஆர்கியுமென்ட்டாகக் கொடுங்கள், அது கண்டுபிடித்ததை ரிட்டர்னில் வாங்கிக்கொள்ளுங்கள்.

```
டெஃப் அளவு_கேள்():
    லிட்டர் = 2
    ரிட்டர்ன் லிட்டர்

டெஃப் தொகை(லிட்டர், விலை):
    ரிட்டர்ன் லிட்டர் * விலை

இன்று = அளவு_கேள்()
பிரிண்ட்(தொகை(இன்று, 60))
```

இரண்டு ஃபங்ஷனிலும் லிட்டர் என்றே பெயர் இருக்கிறது, நடுவில் நான் இன்று என்று வேறு பெயர் வைத்தேன். எதுவும் குறுக்கே நிற்காது. அந்தந்தப் பெயர் அந்தந்த ஃபங்ஷனுக்குச் சொந்தம், பயணம் செய்வது மதிப்பு மட்டும்தான்.

இங்கே வழக்கமாக இரண்டு தவறு நடக்கும். அளவு_கேள்() என்று கூப்பிட்டுவிட்டு, திரும்பி வந்த மதிப்பை எந்தப் பெயரிலும் பிடிக்காமல் விட்டுவிடுவது ஒன்று. அப்படி விட்டால் வந்தது வந்த வழியே போய்விடும். ரிட்டர்ன் எழுத வேண்டிய இடத்தில் பிரிண்ட் எழுதுவது இன்னொன்று. திரையில் 120 என்று சரியாகத் தெரிவதால் வேலை முடிந்தது போலத் தோன்றும், ஆனால் அந்த ஃபங்ஷன் திருப்பிக் கொடுப்பது நன் என்ற வெறுமையைத்தான். அடுத்த வரியில் அதோடு எதையாவது கூட்டப் போனால் டைப்எரர். திரையில் தெரிவதும் நிரலுக்குக் கிடைப்பதும் வேறு வேறு என்பது ஆரம்பத்திலேயே மனதில் பதிந்துவிட வேண்டும்.

அளவைப் பயனரிடமே கேட்டு வாங்குவதாக இருந்தால் இன்புட் கொடுப்பது எழுத்துச் சரம் என்பதையும் கவனியுங்கள். பயனர் 2 என்று தட்டினால் உங்களுக்குக் கிடைப்பது எண் இல்லை. அதை 60ஆல் பெருக்கினால் எரர்கூட வராது, அறுபது 2கள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு நீளமான சரம் வரும்! ஆகவே ஃப்ளோட் என்பதற்குள் போட்டு எண்ணாக மாற்றிவிட்டு ரிட்டர்ன் செய்யுங்கள்.

ஒன்றுக்கு மேல் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? ரிட்டர்ன் லிட்டர், விலை என்று கமா போட்டு எழுதலாம். வாங்கும் பக்கம் அளவு, ரேட் = அளவு_கேள்() என்று அதே வரிசையில் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று வரை இது நன்றாக இருக்கும். நான்கு ஐந்து ஆகும்போது வரிசை மாறி லிட்டர் இடத்தில் விலை போய் உட்காரும், எரரும் வராது, கணக்கு மட்டும் தப்பாக வரும். அந்த நிலைக்கு வந்தால் ஒவ்வொரு மதிப்பையும் அதன் பெயரோடு டிக்‌ஷனரியாகவோ, பைத்தான் 3.7 முதல் கிடைக்கும் டேட்டாகிளாஸாகவோ கட்டி ஒரே பொருளாகக் கொடுங்கள்.

படி 3: கொடுத்தது லிஸ்ட் என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

இந்த இடத்தைப் பல பாடங்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன, நான் அப்படிப் போக விரும்பவில்லை. வேரியபிள் பகிர்வதில் வரும் புரியாத தவறுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

```
டெஃப் சேர்(பதிவுகள், லிட்டர்):
    பதிவுகள்.அப்பெண்ட்(லிட்டர்)

மாதம் = []
சேர்(மாதம், 2)
சேர்(மாதம், 1.5)
பிரிண்ட்(மாதம்)
```

சேர் எதையும் ரிட்டர்ன் செய்யவில்லை. ஆனாலும் மாதம் என்ற லிஸ்டில் 2, 1.5 இரண்டும் வந்திருக்கும். ஃபங்ஷனுக்குக் கொடுக்கும்போது பைத்தான் நகல் எடுப்பதில்லை, அதே பொருளுக்கு உள்ளே இன்னொரு பெயர் வைக்கிறது, அவ்வளவுதான். ஒரே ஆளை வீட்டில் ஒரு பெயரும் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. அவர் மொட்டை போட்டுக்கொண்டால் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் மொட்டைத் தலையோடுதான் வருவார். அந்த வீட்டுப் பெயரை வேறொரு குழந்தைக்கு வைத்துவிட்டாலோ, பள்ளிக்கூடத்துப் பெயர்க்காரருக்கு எதுவும் ஆகாது.

இப்போது சேர் ஃபங்ஷனின் உள்ளே இருக்கும் ஒரு வரியை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். அப்பெண்ட் செய்தால் பொருளே மாறுகிறது, வெளியேயும் தெரியும். பதிவுகள் = பதிவுகள் + [லிட்டர்] என்று எழுதினால் புதிதாக ஒரு லிஸ்ட் உருவாகி உள்ளே இருக்கும் பெயர் அதற்குப் போய்விடும், வெளியே இருக்கும் மாதம் காலியாகவே நிற்கும். பதிவுகள் += [லிட்டர்] என்று எழுதினால், பார்க்க முந்தையது மாதிரியே இருந்தாலும், லிஸ்டைப் பொறுத்தவரை இது இருக்கும் பொருளிலேயே சேர்க்கும், ஆகவே வெளியே தெரியும். எண்களும் எழுத்துச் சரங்களும் டியூப்பிளும் (கமா போட்டு ஒன்றாகக் கட்டிய மதிப்புகள்) இப்படி உள்ளுக்குள் மாறவே மாறாதவை. அவற்றில் எதைச் செய்தாலும் புதுப் பொருள்தான் வரும், அதனால் ஒரு எண்ணைக் கொடுத்து உள்ளே ஒன்று கூட்டினால் வெளியே எதுவும் தெரியாது.

சந்தேகம் வந்தால் உள்ளே ஐடி(பதிவுகள்) என்றும் வெளியே ஐடி(மாதம்) என்றும் பிரிண்ட் செய்து பாருங்கள். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் ஒரே பொருள்.

ஃபங்ஷன் உங்கள் லிஸ்டை மாற்றக் கூடாது என்றால் கொடுக்கும்போதே மாதம்.காப்பி() என்று நகலைக் கொடுங்கள். லிஸ்டுக்குள் லிஸ்ட் இருந்தால் இந்த நகல் மேல் அடுக்கோடு நின்றுவிடும், உள் அடுக்குகள் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். அப்போது காப்பி மாட்யூலில் இருக்கும் டீப்காப்பி வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு பொறி: டெஃப் சேர்(லிட்டர், பதிவுகள்=[]) என்று இயல்பு மதிப்பாக, அதாவது கூப்பிடும்போது எதுவும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பாக, காலி லிஸ்ட் வைப்பது. அந்த லிஸ்ட் டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு தடவை உருவாகிறது, ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக வருவதில்லை. முதல் வீட்டுக்குச் சேர்த்த பால் இரண்டாம் வீட்டுக் கணக்கிலும் நிற்கும். இயல்பு மதிப்பாக நன் வைத்துவிட்டு, உள்ளே வந்ததும் அது நன் என்றால் புது லிஸ்ட் உருவாக்குங்கள். நன் என்பதற்கு முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து, மறக்க வேண்டாம்.

படி 4: குளோபல், அதன் இடத்தில் மட்டும்

எந்த ஃபங்ஷனுக்கும் உள்ளே போகாமல், கோப்பின் மேல்மட்டத்தில் எழுதிய பெயர் குளோபல். அதைப் படிக்க எந்தச் சொல்லும் தேவையில்லை, எந்த ஃபங்ஷனிலிருந்தும் பெயரைச் சொன்னால் கிடைக்கும். சிக்கல் அதற்கு மதிப்பு வைக்கும்போதுதான்.

```
மொத்தம் = 0

டெஃப் சேர்(லிட்டர்):
    மொத்தம் = மொத்தம் + லிட்டர்
```

கூப்பிட்டால் அன்பவுண்ட்லோக்கல்எரர். "மேலேதானே மொத்தம் இருக்கிறது, ஏன் தெரியவில்லை என்கிறது?" என்று எல்லோரும் குழம்பும் இடம் இது. ஒரு ஃபங்ஷனுக்குள் எங்காவது ஒரு வரியில் ஒரு பெயருக்கு மதிப்பு வைத்திருந்தால், அந்தப் பெயர் அந்த ஃபங்ஷன் முழுவதற்கும் லோக்கல் என்று பைத்தான் ஓட்டத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே வலப்பக்கம் இருக்கும் மொத்தமும் லோக்கல் மொத்தமாகிவிடுகிறது, அதற்கு இன்னும் மதிப்பே வரவில்லை. மதிப்பு வைக்கும் வரி இருபது வரிக்குக் கீழே இருந்தாலும் இதே கதைதான். அதனால் மேலே ஒரு பிரிண்ட் வரி நேற்று வரை ஓடி இன்று எரர் காட்டினால், கீழே புதிதாக என்ன எழுதினீர்கள் என்று பாருங்கள்.

சேர் ஃபங்ஷனின் முதல் வரியாகக் குளோபல் மொத்தம் என்று எழுதினால் இது தீரும். அதே சமயம், மொத்தம் ஒரு லிஸ்டாக இருந்து அப்பெண்ட் மட்டும் செய்தால் அந்த வரியே தேவைப்படாது, ஏனென்றால் பெயருக்குப் புது மதிப்பு வைக்கவில்லை, இருக்கும் பொருளைத்தான் மாற்றுகிறீர்கள். ஆனால் += எழுதினால் லிஸ்டாக இருந்தாலும் அது மதிப்பு வைப்பதாகவே எண்ணப்படும், குளோபல் வரி இல்லாவிட்டால் எரர் வரும்.

சரி, இது இவ்வளவு சுலபமாக இருக்கும்போது ஏன் வேண்டாம் என்கிறேன்? பால்காரரிடம் வாடிக்கை வீடு இரண்டு ஆகட்டும். ஒரே மொத்தத்தை வைத்து இரண்டு வீட்டுக்குக் கணக்கு எழுத முடியாது. மொத்தம்1, மொத்தம்2 என்று போனால் சேர்1, சேர்2 என்று ஃபங்ஷனையும் நகலெடுக்க வேண்டிவரும். அப்புறம் சோதிப்பது. தொகை(2, 60) என்று கூப்பிட்டு 120 வருகிறதா என்று ஒரே வரியில் பார்த்துவிடலாம், குளோபலை நம்பி இருக்கும் ஃபங்ஷனைச் சோதிக்கவோ ஒவ்வொரு தடவையும் மொத்தத்தைப் பூஜ்யமாக்கிவிட்டுத் தொடங்க வேண்டும், ஒரு இடத்தில் மறந்தால் அடுத்த சோதனை தப்பாகும். ஃபங்ஷனின் தலைப்பு வரியைப் பார்த்தாலே அதற்கு என்ன தேவை, என்ன தரும் என்று தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம், குளோபல் அதைத்தான் மறைத்துவிடுகிறது.

மாறாத மதிப்புகளுக்குக் குளோபல் நல்லது, தயங்க வேண்டாம். கோப்பின் பெயர், அதிகபட்ச அளவு, இப்படி ஒரு தடவை எழுதி எல்லோரும் படிக்க மட்டும் செய்பவை. ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் அவற்றை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதுவது பைத்தான் வழக்கம்.

ஒன்றுக்கு மேல் கோப்பு வந்ததும் கவனிக்க வேண்டியது: குளோபல் என்பது அந்த ஒரு கோப்புக்குத்தான் குளோபல். எல்லாக் கோப்புக்கும் பொதுவான மதிப்பு வேண்டுமென்றால் அமைப்பு என்ற பெயரில் தனிக் கோப்பு ஒன்று வைத்து, மற்ற கோப்புகளில் இம்போர்ட் அமைப்பு என்று எழுதி, அமைப்பு.விலை என்றே பயன்படுத்துங்கள். ஃப்ரம் அமைப்பு இம்போர்ட் விலை என்று எழுதினால் அந்த நொடியில் இருந்த மதிப்புக்கு உங்கள் கோப்பில் தனியாக ஒரு பெயர் வந்துவிடும். பிறகு வேறொரு கோப்பு அமைப்பு.விலை = 62 என்று மாற்றினாலும் உங்களிடம் 60 தான் இருக்கும். படி 3இல் பார்த்த அதே சங்கதிதான் இது. பகிரும் மதிப்புகளை நீங்கள் நேரடியாக ஓட்டும் முதன்மைக் கோப்பில் வைக்கவும் வேண்டாம். அதை வேறொரு கோப்பு இம்போர்ட் செய்தால் அது இன்னொரு தடவை ஓடி, எல்லாக் குளோபலுக்கும் இரண்டாவது பிரதி உருவாகிவிடும், ஒன்றில் மாற்றியது மற்றதில் தெரியாமல் நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

படி 5: பல ஃபங்ஷன்கள் ஒரே மதிப்பைச் சுற்றி வந்தால் கிளாஸ்

மூன்று நான்கு ஃபங்ஷனுக்கு ஒரே பதிவுகள் லிஸ்டைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறதா? அப்போதுதான் அந்த மதிப்பையும் அதைப் பயன்படுத்தும் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டும் கிளாஸ் எழுத வேண்டிய நேரம்.

```
கிளாஸ் பால்கணக்கு:
    விலை = 60

    டெஃப் __இனிட்__(செல்ஃப், வீடு):
        செல்ஃப்.வீடு = வீடு
        செல்ஃப்.பதிவுகள் = []

    டெஃப் சேர்(செல்ஃப், லிட்டர்):
        செல்ஃப்.பதிவுகள்.அப்பெண்ட்(லிட்டர்)

    டெஃப் தொகை(செல்ஃப்):
        ரிட்டர்ன் சம்(செல்ஃப்.பதிவுகள்) * செல்ஃப்.விலை

மேல் = பால்கணக்கு("மேல் வீடு")
கீழ் = பால்கணக்கு("கீழ் வீடு")
மேல்.சேர்(2)
கீழ்.சேர்(0.5)
பிரிண்ட்(மேல்.தொகை())
```

மேல், கீழ் இரண்டும் இந்தக் கிளாஸிலிருந்து உருவான ஆப்ஜெக்டுகள். செல்ஃப் என்பதில் மாயம் எதுவும் இல்லை. மேல்.சேர்(2) என்று நீங்கள் எழுதுவதைப் பைத்தான் பால்கணக்கு.சேர்(மேல், 2) என்று ஓட்டுகிறது. அப்படித் தட்டிப் பார்த்தாலும் வேலை செய்யும், ஒரு தடவை தட்டிப் பாருங்கள், செல்ஃப் என்றால் என்ன என்ற கேள்வி அதற்குப் பிறகு வராது. அது வெறும் முதல் பாராமீட்டர் (தலைப்பு வரியின் அடைப்புக்குறிக்குள் வரும் பெயர்), படி 2இல் கொடுத்து வாங்கிய அதே வழி, கொடுக்கும் வேலையை மட்டும் பைத்தான் பார்த்துக்கொள்கிறது.

கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷனை மெத்தட் என்பார்கள். மெத்தடுக்குள் செல்ஃப் போடாமல் வைத்த பெயர் சாதாரண லோக்கல், மெத்தட் முடிந்ததும் போய்விடும். சேர் மெத்தடில் வரும் லிட்டரைத் தொகை மெத்தடில் கேட்டால் கிடைக்காது. மற்ற மெத்தடுக்கும் வேண்டியதைச் செல்ஃப் புள்ளி போட்டு வையுங்கள், அந்த மெத்தடுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும் இடைக்கணக்கை லோக்கலாகவே விடுங்கள். எல்லாவற்றையும் செல்ஃபில் ஏற்றினால் கிளாஸுக்குள் ஒரு குட்டிக் குளோபல் உலகம் உருவாகிவிடும், எதிலிருந்து தப்பி வந்தோமோ அங்கேயே திரும்பிப் போனது போல ஆகும்.

செல்ஃபில் வைக்கும் எல்லாப் பெயரையும் இனிட்டிலேயே (ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் மெத்தட்) உருவாக்கிவிடுங்கள், மதிப்பு தெரியாவிட்டால் நன் என்றாவது. பதிவுகளை வேறொரு மெத்தடில் உருவாக்கி, அந்த மெத்தடைக் கூப்பிடும் முன் தொகையைக் கேட்டால் ஆட்ரிபியூட்எரர் வரும், அதுவும் எப்போதாவது ஒரு தடவை மட்டும் வந்து கழுத்தறுக்கும்.

விலையைக் கவனியுங்கள். அதைக் கிளாஸின் கீழே நேரடியாக எழுதியிருக்கிறேன், செல்ஃப் இல்லை. அது எல்லா வீட்டுக்கும் பொதுவானது. ஆனால் மெத்தடுக்குள் வெறுமனே விலை என்று எழுதினால் தெரியாது. படி 1இல் சொன்ன தேடல் வரிசையில் கிளாஸுக்கு இடம் இல்லை. செல்ஃப்.விலை என்றோ பால்கணக்கு.விலை என்றோ எழுத வேண்டும். பால்கணக்கு.விலை = 62 என்று மாற்றினால் எல்லா வீட்டுக்கும் மாறும். மேல்.விலை = 55 என்று எழுதினால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தனி விலை உருவாகி, பொது விலையை மறைத்து நிற்கும், பின்னால் பொது விலையை ஏற்றினாலும் அந்த வீடு 55இலேயே இருக்கும். பழைய வாடிக்கைக்குச் சலுகை கொடுக்க வசதிதான், தெரியாமல் செய்தால் நட்டம். விலை மாதிரியே எண்ணிக்கை = 0 என்று கிளாஸின் கீழே வைத்து, மெத்தடுக்குள் செல்ஃப்.எண்ணிக்கை += 1 என்று எழுதும்போதும் இதுவே நடக்கும். கிளாஸில் இருக்கும் எண்ணிக்கையைப் படித்து, ஒன்று கூட்டி, அந்த ஆப்ஜெக்டில் தனியாக வைத்துவிடும், பொது எண்ணிக்கை அப்படியே கிடக்கும். மொத்தம் எத்தனை வீடு என்று எண்ண வேண்டுமானால் பால்கணக்கு.எண்ணிக்கை += 1 என்று கிளாஸ் பெயரோடு எழுதுங்கள்.

பதிவுகள் = [] என்ற வரியை விலைக்குக் கீழே, கிளாஸ் மட்டத்தில் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியும். எல்லா வீட்டுக்கும் ஒரே லிஸ்ட். மேல் வீட்டில் ஊற்றிய 2 லிட்டர் கீழ் வீட்டுப் பில்லிலும் ஏறும்.

மேலே இருக்கும் கிளாஸில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, அதற்கு எந்த எரரும் வராது. 16ஆம் தேதி விலை 62 ஆகிறது, நீங்களும் பால்கணக்கு.விலையை மாற்றிவிடுகிறீர்கள். மாதக் கடைசியில் தொகை என்ன செய்யும்? முதல் 15 நாள் பாலையும் 62ஆல் பெருக்கும். பொதுவாகப் பகிர்ந்த மதிப்பு மாறும்போது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய கணக்கும் சேர்ந்து மாறுகிறது. ஊற்றிய அன்றைய விலை அந்தப் பதிவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்:

```
    டெஃப் சேர்(செல்ஃப், லிட்டர்):
        செல்ஃப்.பதிவுகள்.அப்பெண்ட்((லிட்டர், செல்ஃப்.விலை))

    டெஃப் தொகை(செல்ஃப்):
        ரிட்டர்ன் சம்(லி * வி ஃபார் லி, வி இன் செல்ஃப்.பதிவுகள்)
```

அப்பெண்டுக்குள் இரட்டை அடைப்புக்குறி தவறிப் போட்டதல்ல, அளவும் விலையும் ஒரு டியூப்பிளாகச் சேர்ந்து போகிறது. ஒரு மதிப்பைப் பகிர்வதற்கு முன், இது மாறும்போது எல்லோருக்கும் மாற வேண்டுமா, இல்லை இந்த நொடியின் மதிப்பை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லைப் போடுவது என்பதைவிட இந்தக் கேள்வி முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிளாஸுக்கு வெளியே இருக்கும் ஃபங்ஷனுக்கு இந்த மதிப்புகள் வேண்டுமென்றால் ஆப்ஜெக்டையே கொடுங்கள், ரசீது(மேல்) என்று. அந்த ஃபங்ஷனின் பாராமீட்டருக்குக் கணக்கு என்று பெயர் வைத்தால் உள்ளே கணக்கு.வீடு, கணக்கு.தொகை() எல்லாம் கிடைக்கும். இரண்டு கிளாஸ்களுக்கு இடையே பகிரவும் இதே வழி, ஒன்றின் ஆப்ஜெக்டை மற்றொன்றின் இனிட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

படி 6: ஃபங்ஷனுக்குள் ஃபங்ஷன்

இது கொஞ்சம் அரிதாகத்தான் தேவைப்படும், ஆனால் ரசீது எண் மாதிரி ஒரே ஒரு மதிப்பை நினைவில் வைக்க ஒரு கிளாஸ் எழுதுவது அதிகம் என்று தோன்றும்போது கைகொடுக்கும்.

```
டெஃப் எண்ணி_தயார்():
    எண் = 0
    டெஃப் அடுத்தது():
        நான்லோக்கல் எண்
        எண் += 1
        ரிட்டர்ன் எண்
    ரிட்டர்ன் அடுத்தது

ரசீது_எண் = எண்ணி_தயார்()
```

ரசீது_எண்() என்று கூப்பிடும்போதெல்லாம் 1, 2, 3 என்று வரும். எண்ணி_தயார் முடிந்த பிறகும் எண் போகவில்லை, உள்ளே எழுதிய ஃபங்ஷன் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நான்லோக்கல் என்ற சொல், சுற்றியிருக்கும் ஃபங்ஷனின் பெயருக்குப் புது மதிப்பு வைக்க. 2008இல் வந்த பைத்தான் 3.0 முதல்தான் அது உண்டு, அதற்கு முன்னால் ஒரே ஒரு எண் இருக்கும் லிஸ்டை வைத்துச் சமாளித்தார்கள். பழைய நிரல்களில் அப்படிப் பார்த்தால் காரணம் அதுதான். எண்ணி_தயார்() என்று இன்னொரு தடவை கூப்பிட்டால் இன்னொரு தனி எண்ணி கிடைக்கும், இரண்டும் ஒன்றையொன்று தொடாது.

த்ரெட் (ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் நடக்கும் தனித்தனி ஓட்டம்) பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு த்ரெட் ஒரே மொத்தத்தில் += செய்தால், படிப்பது, கூட்டுவது, திரும்ப வைப்பது என்று அது தனித்தனி வேலையாக நடப்பதால், நடுவில் மற்றது புகுந்து ஒரு கூட்டல் காணாமல் போகலாம். த்ரெடிங் மாட்யூலில் இருக்கும் லாக்கைப் போட்டுச் செய்யுங்கள், அல்லது கியூ வழியாக மதிப்பை அனுப்புங்கள். மல்டிபிராசஸிங் என்றால் ஒவ்வொரு பிராசஸுக்கும் நினைவகமே தனி, ஒன்றில் குளோபலை மாற்றினால் மற்றதில் தெரியவே தெரியாது.

ஏற்கெனவே குளோபலாக எழுதிவிட்டீர்கள் என்றால்

மொத்தத்தையும் அழித்து மறுபடி எழுத வேண்டாம். முதலில் குளோபல் என்ற சொல்லைக் கோப்பு முழுக்கத் தேடி, எந்தெந்தப் பெயர் வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள், பக்கத்தில் அதை மாற்றும் ஃபங்ஷன் எது, படிக்கும் ஃபங்ஷன் எது என்றும் எழுதுங்கள். படிக்க மட்டும் செய்யும் ஃபங்ஷன்களிலிருந்து தொடங்குங்கள், அவைதான் சுலபம்: அந்தப் பெயரையே பாராமீட்டராகத் தலைப்பு வரியில் சேர்த்து, கூப்பிடும் இடத்தில் கொடுத்துவிட்டால் உள்ளே ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. அடுத்து, ஒரே ஒரு ஃபங்ஷன் மட்டும் மாற்றும் பெயர்கள். அந்த ஃபங்ஷன் புது மதிப்பை ரிட்டர்ன் செய்யட்டும், கூப்பிடும் இடத்தில் மொத்தம் = சேர்(மொத்தம், 2) என்று வாங்கிக்கொள்ளுங்கள். பல ஃபங்ஷன்கள் மாற்றும் பெயர்கள் கடைசியில் மிஞ்சும். தாளில் பார்த்தால் அவை பெரும்பாலும் இரண்டு மூன்றாகச் சேர்ந்தே வரும். அப்படிச் சேர்ந்து வருபவைதான் உங்கள் கிளாஸின் இனிட்டுக்குள் போக வேண்டியவை, அவற்றை மாற்றும் ஃபங்ஷன்கள் அதன் மெத்தடுகள். ஒவ்வொரு பெயரை மாற்றியதும் நிரலை ஒரு தடவை ஓட்டி, விடை முன்பு வந்தது போலவே வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.